பிள்ளைகளைப் படிக்க ஒரு முதுகலையா?

பொறியியல் படிக்கிற ஆள் எழுதுகிற பாடம் இது. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம். பிரிட்டனில் முதுகலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 10 மணி நேரப் படிப்பு என்று வைத்தால் 1,800 மணி நேரம். வேலை பார்த்துக்கொண்டே மூன்று ஆண்டில் முடிப்பதென்றால் ஆண்டுக்கு 600 மணி. தீபாவளிக்குக்கூட லீவு எடுக்காமல் 52 வாரமும் படித்தாலும் வாரத்துக்குப் பதினொன்றரை மணி வருகிறது. மலேசியாவில் ஒரு கிரெடிட் 40 மணி. பாடவழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட். எப்படிப் போட்டாலும் கணக்கு பெரிசுதான்.

இவ்வளவு நேரம் கொடுத்து 'குழந்தைப் பருவமும் இளமையும்' என்ற துறையைத் தொலைநிலையில் படிக்கிறார்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை முதுகலை வரை நடத்தியிருக்கிறது. அது 1969இல் தொடங்கியது. 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. சின்னப் பிள்ளைகளைப் பற்றி அப்படி என்னதான் இருக்கு படிக்க?

'குழந்தை' என்பவர் யார் என்பதிலேயே வாதம் தொடங்கிவிடுகிறது. ஃபிலிப் ஆரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1960இல் ஒரு நூல் எழுதினார். இன்று நாம் நினைக்கிற குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இடைக்கால ஐரோப்பாவில் இல்லை என்றார். பலர் அதை மறுத்தார்கள். ஆனால் வயதுக் கோட்டைச் சமூகம்தான் போடுகிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது. நம் நாட்டையே பாருங்கள். 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருந்தால் சிறுவர். இளைஞர் என்றால் 40 வரை என்று இருந்ததை 2019இல் நாடாளுமன்றம் 30 ஆகக் குறைத்தது. ஐ.நா. புள்ளிவிவரத்துக்கோ 24 வரைதான். (நம் சங்கங்களில் சில அண்ணன்மார் எந்தக் கணக்கில் வருகிறார்கள் என்று கேட்க வேண்டாம்!) நம் பிள்ளைத்தமிழ் போட்ட கோடு வேறு மாதிரி. தலை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை, கை கொட்டினால் சப்பாணி என்று, குழந்தை செய்கிற காரியத்தை வைத்துப் பருவத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தத் துறையில் நமக்கு நேராக உறைக்கிற பாடம் ரோஜர் ஹார்ட்டின் ஏணி. 1992இல் யுனிசெஃபுக்காக அவர் எழுதியது, எட்டுப் படிகள். அடியிலிருக்கும் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் படியில், காரணம் புரியாத பிள்ளையைப் பெரியவர்கள் தங்கள் காரியத்துக்கு நிறுத்துகிறார்கள். இரண்டாவதில் பிள்ளை அலங்காரப் பொருள். மூன்றாவது பேருக்கு ஒரு பிள்ளையிடம் மைக்கைக் கொடுப்பது. நாலாவதிலிருந்துதான் விஷயம் வேறு: வேலை பெரியவர்கள் கொடுத்தது, ஆனால் எதற்கு என்று பிள்ளைக்குத் தெரியும். மேலே போகப் போகப் பிள்ளையின் கருத்தைக் கேட்பார்கள், சேர்ந்து முடிவெடுப்பார்கள். எட்டாவது படியில் யோசனையே பிள்ளையுடையது, முடிவில் மட்டும் பெரியவர்களும் சேர்கிறார்கள்.

இப்போ நம் ஆண்டு விழாவை நினைத்துப் பாருங்கள். பட்டுப் பாவாடை கட்டி, மனப்பாடம் செய்த பதிகத்தைப் பாடிவிட்டு இறங்கும் ஏழு வயதுப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது? பதிகத்தின் பொருளை யாராவது சொல்லியிருந்தால் நாலு. இல்லாவிட்டால் இரண்டு. எல்லா நிகழ்ச்சியும் எட்டுக்குப் போக வேண்டும் என்று ஹார்ட் கேட்கவில்லை. நாமோ இரண்டிலேயே இருந்துகொண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகள் ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

தொலைநிலை இந்தப் பாடத்துக்குப் பொருந்துவது இதனால்தான். பாலர் பள்ளி ஆசிரியை, முகாம் நடத்துகிறவர், திருமுறை வகுப்பு எடுக்கிறவர், எல்லாருக்கும் பாடம் கண்ணுக்கு முன்னாடியே ஓடித் திரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளை வைத்து ஆய்வு எழுத, பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளைக்கும் புரியும்படி சொல்லி, அதன் சம்மதத்தையும் கேட்பதே முறை. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன், பட்டம் இங்கே அங்கீகரிக்கப்படுகிறதா என்று எம்கியூஏவிடம் கேட்டுவிடுங்கள். இளங்கலை இல்லாத அக்காமார், அண்ணன்மாருக்கும் வழி உண்டு. 30 வயதைத் தாண்டி, எஸ்டிபிஎம் அல்லது அதற்கு இணையான தகுதியும் தொடர்புள்ள வேலை அனுபவமும் இருந்தால், ஏப்பல் மதிப்பீடு வழியாக முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம்.

பயிற்சி: உங்கள் கிளையின் போன முகாம் அட்டவணையை எடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே 1 முதல் 8 வரை ஓர் எண் போடுங்கள். பிறகு அதே தாளை, எண்களை மறைத்து, முகாமுக்கு வந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.