இலையை நட்டால் மஞ்சள் கரை வராது

மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்ட் இலையைத் துண்டு போட்டு நட்டால் அதே கரையோடு பத்துச் செடி கிடைக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! மாடித்தோட்டக்காரர்கள் கூடும் இடமெல்லாம் இதே பேச்சு. நட்டவர்களுக்கு முளைப்பதோ கரையே இல்லாத பச்சைச் செடி. உடனே ஆளுக்கொரு வைத்தியம்: வெயிலில் வை, எப்சம் உப்பு போடு, வெங்காயத் தோல் தண்ணீர் ஊற்று. எதுவும் பலிக்காவிட்டால் நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பழி. தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் கொடுத்தது சரியான செடிதான். பெருக்கிய முறைதான் தவறு.

கடைகளில் அதிகம் கிடைக்கும் ‘லாரென்ட்டி’ ரகம், ஒரே உடம்பில் இரண்டு வகைத் திசு கொண்டது. தாவரவியலில் இதைக் கைமீரா என்பார்கள். குருத்தின் நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் ஓர் அடுக்கு பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்தது. குருத்து இலையாக விரியும்போது அந்த அடுக்கு ஓரத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. இலைத்துண்டில் குருத்தே கிடையாது. வெட்டுவாயில் இருக்கும் செல்கள்தான் பெருகிப் புது மொட்டை உண்டாக்க வேண்டும். அது பெரும்பாலும் உட்புறப் பச்சைத் திசுவிலிருந்து கிளம்புகிறது. தப்பித் தவறி மஞ்சள் திசுவிலிருந்து முளை வந்தாலும், பச்சையம் இல்லாமல் அது பிழைக்காது. கலைந்த அடுக்கை எந்த உப்பும் திருப்பித் தராது. ‘கோல்டன் ஹானி’ குட்டை ரகத்துக்கும் இதே கதிதான்.

கரை வேண்டுமென்றால் கிழங்கைப் பிரியுங்கள். செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து மண்ணை உதறினால், ஆரஞ்சு நிறத்தில் விரல் தடிமனுக்குக் கிழங்கு தெரியும். அதன் நுனியில் பக்கக் கன்று நிற்கும். கன்றுக்குச் சொந்த வேர் இருக்கிறதா என்று பார்த்து, சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாய் காயும் வரை நிழலில் வையுங்கள். பிறகு செம்மண்ணோடு பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்து நடுங்கள். தண்ணீரை மட்டும் அளந்து ஊற்றுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இந்தச் செடி வாடிச் செத்ததைவிட அழுகிச் செத்ததுதான் அதிகம்.

பச்சையே போதும் என்பவர்கள் தாராளமாக இலையை நடலாம். ஆனால் தலைகீழாக நட்டால் வேர் வராது. வெட்டும்போதே அடிப்பக்கத்தில் ஒரு முக்கோண வெட்டு போட்டுவிட்டால் குழப்பமில்லை. தண்ணீரில் வைத்தும் வேர் விடவைக்கலாம், பொய்யில்லை. ஒரே வாரத்தில் செடி வரும் என்பதுதான் பொய். வேருக்கே பல வாரம் ஆகும், முளைக்கு மாதங்கள் ஆகும்.

படுக்கையறையில் வைத்தால் இரவெல்லாம் ஆக்சிஜன் கொட்டும் என்பதும் தவறு. இரவில் இது இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கிறது. ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். அடிக்கடி காட்டப்படும் 1989 நாசா ஆய்வு, மூடிய சிறு பெட்டிக்குள் பென்சீன் போன்ற நச்சு வாயுக்களை வைத்து நடந்தது. இரவு ஆக்சிஜனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாம்பை விரட்டும், பாம்பை அழைக்கும் என்ற இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது.

மேற்கு ஆப்பிரிக்கச் செடிக்கு இவ்வளவு மெனக்கெடும் நாம், அதன் நெருங்கிய உறவான நம் மண்ணின் மருளை மறந்துவிட்டோம். வேலியோரத்திலும் பாறைச் சரிவிலும் தானாக வளர்வது அது. அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். மரல் என்ற பெயரில் இதன் நாரில் கட்டிய பூங்கண்ணியைச் சங்க நூலான மலைபடுகடாம் பேசுகிறது. மருளுக்கு மஞ்சள் கரைச் சிக்கலே இல்லை. இலையை நட்டாலும் தாய்ச்செடி போலவே வரும். காட்டில் போய்ப் பிடுங்காதீர்கள். வளர்ப்பவர்களிடம் ஒரு கன்று கேட்டு வாங்கி, மாடியில் ஒரு தொட்டியை அதற்கு ஒதுக்குங்கள்.