கூலி கூடினால் உழைப்புக் குறையுமா?

நுழையும்முன்

கூலி உயர்ந்தால் தொழிலாளி கூடுதலாக உழைப்பாரா, குறைவாக உழைப்பாரா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. தவறான விடை, உழைப்பவர்மீது பழியாகப் படிந்துவிடவும் கூடும். சரியான விடையைத் தேடிய அறிஞர்களின் முயற்சிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பழைய வாதம்

கூலியை உயர்த்தினால் தொழிலாளர் வேலைக்கு வரும் நாள்களைக் குறைத்துக்கொள்வர் என்று 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுத்தாளர் பலர் வாதிட்டனர். கூலியைத் தாழ்வாகவே வைத்திருப்பதற்கு அதனையே நியாயமாகக் காட்டினர். 1776இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் ஆடம் ஸ்மித் இக்கருத்தை மறுத்தார். நல்ல கூலி உழைப்பவரின் ஊக்கத்தை வளர்க்கும் என்பது அவர் கொள்கை. எனினும், வாதங்களால் மட்டும் இச்சிக்கல் தீரவில்லை.

இரு விளைவுகள்

கூலி உயரும்போது ஓய்வாகக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் இழக்கும் வருவாய் மிகுகிறது. ஆதலால், ஓய்வைக் குறைத்து உழைப்பைக் கூட்ட விருப்பம் எழும். இது பதிலீட்டு விளைவு. மறுபுறம், குறைந்த நேரத்திலேயே தேவையான வருவாய் கிடைப்பதால் ஓய்வை நாடும் விருப்பமும் எழும். இது வருமான விளைவு. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. எது வலியது என்பதை அளந்துதான் அறிய இயலும்.

கூலி 10 விழுக்காடு உயரும்போது உழைப்பு நேரம் 5 விழுக்காடு உயர்ந்தால், உழைப்பு அளிப்பு நெகிழ்ச்சி 0.5 ஆகும். நேரம் குறைந்தால் அது எதிர்க்குறி பெறும்.

நியூயார்க் வாடகை மகிழுந்துகள்

ஆலைத் தொழிலாளர் தம் வேலை நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்வதில்லை. நியூயார்க் நகரில் வாடகை மகிழுந்து ஓட்டுநர் பலரின் நிலை வேறு. வண்டிக்குரிய நாள்வாடகையைச் செலுத்தியபின், எரிபொருள் செலவு போக எஞ்சும் வருவாய் அவர்களுடையது. எப்போது வண்டியை நிறுத்துவது என்பதும் அவர்கள் முடிவே.

கோலின் கேமரர் உள்ளிட்ட நால்வர் இவ்வோட்டுநர்களின் பயணக் குறிப்பேடுகளை ஆராய்ந்து, 1997இல் தம் முடிவை வெளியிட்டனர். மணிக்கு மிகுதியாக ஈட்டிய நாள்களில் ஓட்டுநர்கள் விரைவில் வீடு திரும்பினர் என்பது அம்முடிவு. ஒவ்வொரு நாளும் ஓர் இலக்குத் தொகையை மனத்தில் வைத்து, அது கிட்டியதும் வேலையை நிறுத்துகின்றனர் என அவர்கள் விளக்கம் தந்தனர்.

கணக்கில் ஒரு கண்ணி

இத்தகைய கணக்கீட்டில் ஓர் இடர் உண்டு. மணிக்கூலி தனியே பதிவாவதில்லை. நாள் வருவாயை நேரத்தால் வகுத்தே அது பெறப்படுகிறது. 8 மணி நேரம் ஓட்டி 160 டாலர் ஈட்டியவரின் மணிக்கூலி 20 டாலர். அந்நேரம் பிழையாக 10 மணி எனப் பதிவானால் மணிக்கூலி 16 டாலராகத் தாழும். 5 மணி எனப் பதிவானால் 32 டாலராக உயரும். ஓட்டுநர் எதையும் மாற்றாதபோதும், கூலி உயர உழைப்புக் குறைவதுபோன்ற தோற்றத்தைப் பதிவுப் பிழையே உண்டாக்கிவிடும். நால்வரும் இதனை உணர்ந்து, அதே நாளில் மற்ற ஓட்டுநர்கள் ஈட்டிய கூலியைக்கொண்டும் கணித்துப் பார்த்தனர். ஆயினும், ஐயம் முற்றும் நீங்கவில்லை.

ஹென்றி ஃபார்பர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர் வேலையை நிறுத்துவதற்கு முதன்மைக் காரணம் ஓட்டிய நேரமே. ஈட்டிய தொகையன்று எனக் கண்டார். பின்னர், 2009 முதல் 2013 வரை மின்னணு முறையில் பதிவான பயணங்களைக்கொண்டு 2015இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். கூலி உயரும்போது ஓட்டுநர்கள் பொதுவாகக் கூடுதல் நேரமே ஓட்டினர் என்பது அதன் முடிவு. மழை நாளில் வண்டி கிடைக்காமைக்கு, இலக்குத் தொகை விரைவில் கிட்டிவிடுவதே காரணம் எனச் சிலர் கருதிவந்தனர். உண்மையில், நெரிசலால் பயணம் தாமதமாவதால் மழையில் மணிக்கூலி உயர்வதேயில்லை என்பதையும் அவர் காட்டினார்.

சூரிச் நகரச் சோதனை

எர்ன்ஸ்ட் ஃபெர், லோரென்ஸ் கோட்டே ஆகியோர் வேறு வழியை நாடினர். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மிதிவண்டியில் அஞ்சற்பொதிகளைக் கொண்டுசேர்க்கும் தொழிலாளரை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒவ்வொரு குழுவின் தரகு விகிதத்தையும் வெவ்வேறு காலத்தில் நான்கு வாரங்களுக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்த்தினர். கூலியுயர்வை ஆய்வாளரே வழங்கியதால், அது எதனால் நேர்ந்தது என்னும் ஐயத்துக்கு இடமில்லை.

2007இல் வெளியான முடிவு இருமுகம் கொண்டிருந்தது. தொழிலாளர் பணிக்கு வந்த முறைகள் பெரிதும் கூடின. ஒரு முறைக்குள் அவர்கள் காட்டிய வேகம் சற்றே தணிந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்கையில் மொத்த உழைப்பு உயர்ந்தே இருந்தது. எனினும், இது குறுகிய கால உயர்வு பற்றிய முடிவு. வாழ்நாள் முழுதும் நீடிக்கும் உயர்வில் வருமான விளைவின் வலிமை மிகக்கூடும்.

நிறைவாக

வேகத்தை மட்டும் அளந்தவர் ‘கூலி கூடினால் உழைப்புக் குறையும்’ என்பர். வந்த முறைகளை மட்டும் எண்ணியவர் நேர்மாறாக உரைப்பர். ஆகவே, தொழிலாளரைச் சோம்பேறி எனத் தீர்ப்பளிக்குமுன், எதை அளந்தோம், எவ்வாறு அளந்தோம், கூலி எதனால் மாறியது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது ஆய்வாளரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. பதிலீட்டு விளைவையும் வருமான விளைவையும் வேறுபடுத்திக் காட்டுக.

2. நேரப் பதிவில் ஏற்படும் பிழை முடிவை எவ்வாறு திரிக்கும் என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

3. தாமே நேரத்தை வகுத்துக்கொள்ளும் தொழிலாளர் சிலரிடம், கூலி கூடும் நாளில் அவர்கள் செய்வது யாது எனக் கேட்டறிந்து கட்டுரையாக்குக.