அல்சர் ஏன் திரும்பி வருகிறது?

“அல்சர் வந்தால் வந்ததுதான், அது விட்டுப் போகாது” என்று எங்கள் சோனகத்தெருவில் பெரியவர்கள் சொல்வதுண்டு. குளிசை போட்டால் அடங்கும். சில மாதம் கழித்துத் திரும்ப எரியும். உறைப்பையும் புளியையும் குறை சொல்லிவிட்டு மறுபடியும் பார்மசிக்குப் போவார்கள். திரும்பி வருவது புதிய நோயா, அல்லது போகாமலே இருந்த பழைய நோயா என்று கேட்பவர் குறைவு.

1980களின் தொடக்கம் வரை மருத்துவ உலகமும் அமிலத்தையும் மனக்கவலையையுமே குற்றம் சாட்டியது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன் என்ற நோயியலாளர் நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த துண்டங்களில் வளைந்த பற்றீரியாக்களைக் கண்டார். இளம் வைத்தியர் பரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். கிருமியை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கும் முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. இரண்டு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் தட்டை வீசிவிடுவது வழக்கம். 1982இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் கிடந்தன. வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிக்கோபற்றர் பைலோரி என்ற இக்கிருமி யூரியேஸ் நொதியத்தால் யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்கி, தன்னைச் சூழ்ந்த அமிலத்தை நடுநிலையாக்குகிறது. பின்னர் சீதப்படலத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அமொக்சிசிலின் கலச்சுவர் கட்டப்படும் வேளையில்தான் தாக்கும். பெருகாமல் சும்மா இருக்கும் கலத்தை அது ஒன்றும் செய்யாது. இங்கேதான் ஒமிப்பிரசோல் உதவுகிறது. அமிலம் குறைந்ததும் கிருமி பெருகத் தொடங்கும், பெருகும்போது நுண்ணுயிர்கொல்லியிடம் அகப்படும். எதிரியை வெளியே வரவிட்டு அடிக்கும் இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் ஒமிப்பிரசோலை மட்டும் குடித்தால் புண் ஆறும், கிருமி இருக்கும். அப்படி ஆறிய முன்சிறுகுடற் புண் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்புகிறது. கிருமியை முற்றாக அழித்தவர்களில் திரும்புவது மிகச் சிலருக்கே.

முழுச் சிகிச்சைக்குப் பின்னரும் கிருமி தென்பட்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சாகாமல் எஞ்சிய அதே கிருமி மீண்டும் பெருகுதல். முதல் வருடத்தில் தென்படுபவை பெரும்பாலும் இவைதான். மற்றது, வெளியிலிருந்து புதிதாகத் தொற்றுதல். சுகாதார வசதி குறைந்த நாடுகளில் இது கூடுதல். எங்கள் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணறும் மலகூடக் குழியும் அருகருகே இருப்பதால், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது இதற்கு மட்டுமல்ல, வேறு பல நோய்களுக்கும் காவல்.

கிருமி எஞ்சுவது ஏன்? சிகிச்சை பெரும்பாலும் 14 நாட்கள். நாலைந்து நாளில் எரிவு அடங்கிவிடும். கிளாரித்திரோமைசின், மெற்றோனிடசோல் குடித்தால் வாயெல்லாம் கசக்கும். “சுகமாச்சுத்தானே” என்று நிறுத்திவிடுகிறார்கள். மெற்றோனிடசோலை வயிற்றோட்டத்துக்கென்று முன்பே பலமுறை குடித்திருப்போரிடம், அதை எதிர்க்கப் பழகிய கிருமி இருக்கவும் கூடும். கிளாரித்திரோமைசினை எதிர்க்க, இரைபோசோம் தொடர்பான ஒரேயொரு விகாரமே போதும்.

ரமழானில் சிகிச்சை வந்தால் சிலர் குளிசையையே விட்டுவிடுகிறார்கள். காலை, மாலை என இரு வேளை மருந்தானால் சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். மூன்று, நான்கு வேளை என்றாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய மார்க்கம் இடம் தந்திருக்கிறது. கறுத்த மலம் இரத்தக் கசிவின் அடையாளம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. இலங்கையில் இக்கிருமித் தொற்று இந்தியாவைவிடக் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இங்கே ஒருவருக்கு அல்சர் திரும்பினால் மூட்டு வலிக்குப் போடும் டைக்குளோபினக், இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவற்றையும் விசாரிக்க வேண்டும். கிருமியே இல்லாத வயிற்றிலும் அவை புண்ணாக்கும். எங்கள் உம்மும்மாமாரின் மருந்துப் பையைத் திறந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

கிருமி போய்விட்டதா என்பதை வலியைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். நுண்ணுயிர்கொல்லி முடிந்து குறைந்தது நான்கு வாரமும், ஒமிப்பிரசோலை நிறுத்தி இரண்டு வாரமும் கழியாமல் சோதித்தால், கிருமி ஒளிந்திருக்கும்போதே ‘இல்லை’ என்று றிப்போட் வரலாம். இரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி அழிந்து பல மாதங்களின் பின்னும் பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கும்.