தூளியில் உறங்கும் பசி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய தாய் சேய் நல அட்டையின் படம் கிடைத்தது. "எனக்குப் பால் பத்தலையா பெரியம்மா? டப்பாப் பால் வாங்கிடட்டுமா?" என்று ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். டப்பா இப்போதைக்கு வேண்டாம். பால் போதுமா என்பதைப் பாப்பா எப்படிக் குடிக்கிறாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். அதை வீட்டிலேயே பார்க்கத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அட்டையை ஒழுங்காகப் படி. பிறந்தபோது 2.800 கிலோ. நான்காம் நாள் 2.600. இந்த இறக்கம் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால்தான் கவலை. ஆனால் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்திருக்க வேண்டும். பதினான்காம் நாள் உன் பாப்பா 2.750. அன்றைக்கே யாராவது உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பால் கொடுப்பதைப் பார்த்திருக்கலாம். 42-ஆம் நாள் 3.350. அதாவது 28 நாளில் 600 கிராம், நாளுக்கு இருபத்தொரு கிராம் கணக்கு. முதல் மூன்று மாதத்தில் 25 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். ஆக, எடை ஏறாமல் இல்லை, மெதுவாக ஏறுகிறது. அட்டையில் பச்சைப் பகுதியில் இருந்த புள்ளி மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. பதறிப்போய் ஓட வேண்டிய நிலையும் இல்லை, "பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் விடும் நிலையும் இல்லை.

"எங்க வம்சமே ஒல்லிதான்" என்று உன் வீட்டில் சொல்கிறார்களாம். பரம்பரையாகச் சின்ன உடல்வாகு கொண்ட குழந்தைகள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட குழந்தை அட்டையில் தனக்கென்று ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அதிலேயே மேலே போகும். உன் பாப்பா கோடு தாண்டிக் கீழே வருகிறாள். அதை வம்சத்தின் தலையில் கட்டாதே. "அது வெள்ளைக்காரக் குழந்தைக்குப் போட்ட கணக்கு" என்பதும் பழைய பேச்சு. 1977-இல் வந்த பழைய அட்டவணை பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்டதுதான். அதனால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு இளைப்பதுபோல் அதில் தெரிந்தது. நன்றாக இருந்த குழந்தைகளுக்கும் புட்டியைத் திணித்தார்கள். 2006-இல் உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பால் குடித்த குழந்தைகளை ஆறு நாடுகளில் எடை பார்த்துப் புதிய அட்டவணை வெளியிட்டது. அதில் தெற்கு தில்லிக் குழந்தைகளும் உண்டு. உன் கையில் இருக்கும் அட்டை அந்தக் கணக்குதான்.

எடை பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு முறை போதும். தினமும் பார்த்தால் ஒரு மலம் ஒரு மூத்திரத்திலேயே கணக்கு மாறி உனக்குத் தூக்கம் போய்விடும். எப்போதும் ஒரே தராசு, பால் கொடுப்பதற்கு முன்னால், துணி இல்லாமல். வெள்ளி அரைஞாண், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் கழற்று. இல்லாவிட்டால் வாராவாரம் அதையே போட்டுப் பார். வாரத்துக்கு 175 முதல் 210 கிராம் ஏற்றத்தைத் தேடுகிறோம். கொலுசும் துண்டும் சேர்ந்து நூறு கிராம் காட்டினால் நாம் எதைப் படிப்பது? கடைத் தராசில் போட்டுப் பார்த்துக் கலங்குவதையும் விட்டுவிடு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உன் மாமியார் போனில் பெருமையாகச் சொன்னார்: "பாப்பா அழவே மாட்டேங்குது, தூளியில போட்டா நாலு மணி நேரம் அசையாம தூங்குது." எனக்கு அப்போதே மனசுக்குள் உறுத்தியது. கல்வராயன் மலையில் வீடு வீடாகப் போய்வந்த காலத்தில் நான் அதிகம் பயந்தது அழும் குழந்தையைப் பார்த்து அல்ல, இப்படி அமைதியாக இருக்கும் சின்னக் குழந்தையைப் பார்த்துத்தான். போதுமான பால் உள்ளே போகாத குழந்தை, இருக்கிற தெம்பைச் சேமிக்கத் தூங்கிவிடும். தூங்குவதால் குடிப்பது குறையும், குடிப்பது குறைவதால் இன்னும் தூங்கும். அதோடு, பால் குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். மார்பில் தேங்கிய பால் அடுத்த சுரப்பைக் குறைக்கும்படி உடம்புக்குச் சொல்லிவிடும். நாலு மணி நேரத் தூக்கத்தில் பாப்பாவின் பசியும் உன் பாலும் சேர்ந்தே குறைகின்றன.

தூளியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பசியை மறைக்கும். அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்னால் குழந்தை தலையைத் திருப்பித் தேடும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். சேலைக்குள் ஆழமாகக் கிடக்கும் குழந்தையின் கையும் வாயும் யார் கண்ணுக்குத் தெரியும்? லேசாகச் சிணுங்கியதும் ஓர் ஆட்டு ஆட்டினால், பசித்த குழந்தையும் திரும்பத் தூங்கிவிடும். எடை கூடும்வரை பகலில் பாப்பா உன் மடியிலோ, உன் கண்முன் பாயிலோ இருக்கட்டும். குளிப்பாட்டும் நேரத்தையும் கவனி. எண்ணெய் தேய்த்து, காலில் போட்டு வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டினால் குழந்தை களைத்துப்போய் அடித்துப்போட்டதுபோல் தூங்கும். குளியலைச் சுருக்கமாக முடித்து, துவட்டியதும் தூங்கவிடாமல் பால் கொடு. புகை வேண்டவே வேண்டாம். உங்கள் மலையில் காற்று குளிர்ச்சி. உடம்புச் சூட்டைக் காப்பதிலேயே சின்னக் குழந்தையின் தெம்பு செலவாகும். தொப்பி போட்டு, உன் மார்போடு மார்பாக ஒட்டி வைத்துக்கொள். பால் சுரக்கவும் அது உதவும்.

கணக்கு இப்படி: பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். தூங்கினாலும் துணியை நீக்கி, உள்ளங்காலைத் தடவி எழுப்பு. ஒரு நாளைக்குப் பத்து முதல் பன்னிரண்டு தடவை வர வேண்டும். இரவுப் பாலை விட்டுவிடாதே. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். அடுப்படியில் இரண்டு டம்ளர் வை. பால் கொடுத்தால் ஒன்றில் ஒரு மொச்சை, துணி நனைந்தால் இன்னொன்றில் ஒரு மொச்சை. மறுநாள் காலை எண்ணிப் பார். துணி டம்ளரில் ஆறுக்குக் குறையக் கூடாது, மூத்திரம் வெளிறியிருக்க வேண்டும். "அடிக்கடிதான் கொடுக்கிறேன்" என்று சொன்ன எத்தனையோ தாய்மார்கள், எண்ணிப் பார்த்தபோது ஆறு, ஏழு தடவைதான் வந்தது என்று அவர்களே அசந்துபோனார்கள்.

எத்தனை தடவை என்பது பாதிதான். மார்பில் இருக்கும் நேரமெல்லாம் குடிக்கும் நேரம் ஆகிவிடாது. பாப்பாவின் தாடையைப் பார். குடிக்கும்போது வாய் அகலமாகத் திறக்கும், ஒரு நொடி நிற்கும், பிறகு மூடும். அந்த நிற்கும் நொடியில்தான் வாய் நிறையப் பால். விழுங்கும் சத்தமும் மெல்லக் கேட்கும். அப்படி நிற்காமல் உதடு மட்டும் படபடவென்று அசைந்தால் அது சப்புதல். வயிற்றுக்குப் பெரிதாக ஒன்றும் போகாது. கவ்வியிருக்கும் விதத்தையும் பார். காம்பை மட்டும் பிடித்தால் உனக்கு வலிக்கும், அவளுக்குப் பால் வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் இருக்க வேண்டும், மோவாய் மார்பில் அழுந்த வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். பால் குடித்து முடித்ததும் காம்பு சப்பையாக, ஒரு பக்கம் சரிந்து வெளியே வந்தால் பிடிமானம் சரியில்லை. விரலை வாயோரம் விட்டு எடுத்து, அவள் வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து மறுபடி கொடு. நீ குனிந்து மார்பை அவள் வாய்க்குக் கொண்டுபோகாதே. நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்து, கழுத்தும் முதுகும் நேர்கோட்டில் இருக்க, அவளை உன் பக்கம் இழுத்துக்கொள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிச் சப்ப ஆரம்பிப்பாள். அப்போது மார்பைக் கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம் வைத்து வலிக்காமல் அழுத்திப் பிடி. தாடை மறுபடி இறங்கி விழுங்குவாள். நின்றதும் விடு, பிறகு திரும்ப அழுத்து. அதற்கும் அசையாவிட்டால் அடுத்த மார்புக்கு மாற்று. இரண்டு பக்கமும் முடிந்த பிறகு கையால் பீச்சி, கொதிக்க வைத்த கிண்ணத்தில் பிடித்துப் பாலாடையில் ஊட்டு. நாடெங்கும் மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இதே பாலாடையைத்தான் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை நாலு சொட்டுதான் வரும். அதைப் பார்த்து மனம் விடாதே. கையால் பீச்சி வரும் அளவு, குழந்தை உறிஞ்சும் அளவு ஆகாது. களைவெட்டுக்கோ மரவள்ளிக் காட்டுக்கோ போக வேண்டி வந்தால், பீச்சிய பாலை மூடி நிழலில் வை, நாலு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடச் சொல்.

என்ன கொடுக்கக் கூடாது என்பதையும் கேள். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, கிரைப் வாட்டர், உரை மருந்து எதுவும் ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் அது போதும். ஒரு சங்கு தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பி ஒரு வேளைப் பாலைத் தள்ளிவிடும். தண்ணீர் கலந்த மாட்டுப் பால் இன்னும் மோசம். குழந்தை குடித்ததுபோல் இருக்கும், எடை ஏறாது. டப்பாப் பால் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், இனிப்பு சேர்த்த டின் பாலைக் குழந்தை உணவென்று விற்பதைப் பகிரங்கமாக எதிர்த்துப் பேசினார். அந்தப் போராட்டத்தின் நீட்சியாகத்தான் நம் நாட்டில் 1992-இல் சட்டம் வந்தது. அதன்படி பால் மாவு டப்பாவில் குழந்தைப் படம் போடவே கூடாது. ஆனாலும் மருத்துவர் பாப்பாவைப் பார்த்து "இவ்வளவு மி.லி. கூடுதலாக வேண்டும்" என்று சொன்னால் தயங்காமல் கொடு. புட்டியில் வேண்டாம், பாலாடையில், மார்பில் குடித்த பிறகு, டப்பாவில் உள்ள அளவுப்படி. சிக்கனம் பார்த்து மாவைக் குறைத்துக் கரைக்காதே. குழந்தை வளர்வதுதான் முதலில்.

உன் சாப்பாடு பற்றிக் கேட்டால் "பத்தியம்" என்கிறாய். ரசம் சோறும் சுட்ட அப்பளமும் ஒரு பத்தியமா? பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதற்குக் கடையில் ஒன்றும் வாங்க வேண்டாம். உங்கள் காட்டுச் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, நிலக்கடலை, முட்டை, கருவாடு எல்லாம் சாப்பிடு. பூண்டும் பால்சுறாவும் நல்லதுதான். ஆனால் குழந்தை உறிஞ்சாமல் எந்தப் புட்டும் பாலைக் கொண்டுவராது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க விடாமல் தடுத்தால் கேட்காதே. இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் போட வேண்டும். நிறுத்திவிட்டாய் என்று தெரியும், இன்றே ஆரம்பி. உன் மேல்வீட்டுப் பெண்ணின் குழந்தை அட்டையில் ஆரஞ்சுப் பகுதியில் இருப்பதாகச் சொன்னாயே, அவளை அங்கன்வாடிக்குக் கூட்டிப் போ. 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' இரண்டாம் கட்டத்தில், ஆறு மாதத்துக்குட்பட்ட, கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தையின் தாய்க்குச் சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் கொண்ட பெட்டகம் தருகிறார்கள். குழந்தைக்காகத் தாய்க்குச் சோறு போடுவதுதான் சரியான வழி. அரசு அதைப் புரிந்துகொண்டது எனக்கு நிறைவாக இருக்கிறது.

இதையெல்லாம் இன்றே தொடங்கு. அதோடு இந்த வாரமே கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாப்பாவை மருத்துவரிடம் காட்டு. நாக்கின் அடியில் உள்ள சவ்வு நாக்கை நீட்ட விடாமல் பிடிக்கிறதா, அண்ணத்தில் பிளவு உண்டா, இதயத்தில் கோளாறு உண்டா, சிறுநீரில் கிருமி உண்டா என்று அவர் பார்க்கட்டும். உனக்கு ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல். இவற்றில் கோளாறு இருந்தாலும் பால் குறையும். கருத்தடை மாத்திரை ஏதாவது போடுகிறாய் என்றால் அதையும் சொல். சில மாத்திரைகள் பாலைக் குறைக்கும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே: எழுப்பினாலும் குடிக்கவில்லை, பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்குகிறது, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு, உடம்பு கொதிக்கிறது அல்லது சில்லிட்டிருக்கிறது, பச்சையாக வாந்தி, உச்சிக்குழி பள்ளம், ஆறு மணி நேரமாகத் துணி நனையவில்லை, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சள். உடனே 108-ஐக் கூப்பிடு. கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு வந்துவிடு. வழியெல்லாம் பாப்பாவை மார்போடு அணைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை உன் மாமியாருக்கும் உன் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டு. மாமியார் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பாப்பா மேல் அவருக்கு இருக்கும் பாசம் எனக்குத் தெரியும். அவரிடம் நான் கேட்பதாகச் சொல்: அடுத்த இரண்டு வாரம் சமையலையும் தண்ணீர் எடுப்பதையும் அவரும் மகனும் பார்த்துக்கொள்ளட்டும், உன்னைப் பால் கொடுக்க மட்டும் விடட்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை பால் கொடுப்பவளுக்கு வேறு வேலை செய்ய நேரம் இருக்காது.

அன்புடன்,
பெரியம்மா
கள்ளக்குறிச்சி