நான்கு மரம் தள்ளி நில்லுங்கள்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நெகிரி செம்பிலானில் மழை வலுக்கும். பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் செம்மண் பாதை குழைந்துபோகும். பழக்குலை ஏற்ற வந்த பிக்கப்போ, வார இறுதியில் காட்டுப்பாதை ஓட்ட வந்த நான்கு சக்கர இயக்க வண்டியோ அச்சு வரை இறங்கிவிட்டால், முன் பம்பரில் உள்ள, உருளையில் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்தான் கைகொடுக்கும். நல்ல கருவிதான். ஆனால் டன் கணக்கில் விசை ஏறி விறைத்து நிற்கும் வடம் அறுந்தால் உயிரையே பறித்துவிடும். வின்ச்சைப் பற்றிய ஐந்து தவறான நம்பிக்கைகளை இங்கே திருத்திக்கொள்வோம்.

நம்பிக்கை 1: பெரிய மரமாகப் பார்த்துக் கட்டினால் போதும்.

உண்மை: செம்பனைக்கு ஆணிவேர் கிடையாது. தென்னையைப் போலச் சல்லிவேர்தான். அதில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். மழையில் ஊறிய மண்ணில் அந்த மரம் பக்கவாட்டு இழுப்பை எவ்வளவு தாங்கும் என்று பார்வையால் சொல்ல முடியாது. கனோடெர்மா பூஞ்சை பிடித்த மரம் இன்னும் மோசம். உச்சியில் ஓலை பச்சையாக இருக்கும். அடித்தண்டோ உள்ளுக்குள் மக்கியிருக்கும். அடியில் தட்டுத் தட்டாகக் காளான் தெரிந்தால் அந்த மரத்தைத் தொடாதீர்கள். காளான் தெரியவில்லை என்பதற்காக மரம் நலமாக இருக்கிறது என்றும் நம்பிவிட வேண்டாம்.

பால்மரத்துக்கு ஆணிவேர் உண்டு. ஆனால் இரும்பு வடத்தை நேரே சுற்றினால் பட்டை அறுபடும். வெட்டுப்பட்டை கெட்டால் பாலும் கெட்டது. எந்த மரமானாலும் அகலமான வாரை அடித்தண்டில், தரையை ஒட்டிச் சுற்றுங்கள். உயரத்தில் கட்டினால் மரம் நெம்புகோல் போலச் சாயும். வடத்தை மரத்தில் சுற்றி, அதே வடத்தில் கொக்கியை மாட்டுவதும் கூடாது. அந்த இடத்தில் வடம் மடிந்து நசுங்கும்.

நம்பிக்கை 2: 9,500 பவுண்டு வின்ச் எப்போதும் 9,500 பவுண்டு இழுக்கும்.

உண்மை: சுமார் 4,300 கிலோ வரும் அந்த அளவு, உருளையை ஒட்டிய முதல் அடுக்கு மட்டும் சுற்றியிருக்கும்போது கிடைப்பது. மேலே அடுக்கு ஏற ஏற இழுவிசை குறைந்துகொண்டே போகும். ஆகவே சற்றுத் தள்ளியுள்ள மரத்தைப் பிடித்து வடத்தை நிறைய வெளியே விட்டால் வின்ச்சின் வலு கூடும். ஆனாலும் இரும்பு வடமானால் 5 சுற்று, செயற்கை இழைக் கயிறானால் 8 முதல் 10 சுற்றாவது உருளையில் மிஞ்சியிருக்க வேண்டும்.

மரத்தில் ஒரு கப்பியைப் பூட்டி, வடத்தை வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து மாட்டினால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும்; வேகம் பாதியாகும். கப்பியைத் தாங்கும் மரத்தின் மேலும் இரட்டிப்புச் சுமை விழும். செம்பனையில் கப்பி கட்டுமுன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை 3: செயற்கை இழைக் கயிறு அறுந்தால் ஆபத்தில்லை.

உண்மை: இரும்பு வடத்தைவிட அது எகிறும் வலு குறைவு. ஆனால் முனையில் இருக்கும் கொக்கியும் ஷாக்கிளும் இரும்பு. பிடிமானம் பிய்ந்தால் பறந்து வருவது அவை. வெயில், சூடு, இழைகளுக்குள் புகும் மணல் ஆகியவை கயிற்றைச் சத்தமில்லாமல் அரிக்கும். சேற்றில் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள்.

நம்பிக்கை 4: வண்டியில் எங்கே மாட்டினாலும் இழுக்கும்.

உண்மை: டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்து பீரங்கிக் குண்டுபோல் பறந்ததில் ஆஸ்திரேலியாவில் உயிரிழந்தவர்கள் உண்டு. வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய மீட்புக் கொக்கிதான் சரியான இடம். ரப்பர்போல் நீண்டு சுருங்கும் மீட்பு வாரை வின்ச் வடத்தோடு சேர்ப்பதும் தவறு. அது விசையைச் சேர்த்து வைத்து, பிய்ந்தால் மொத்தமாக விடுவிக்கும்.

நம்பிக்கை 5: வடத்தின் மேல் சாக்கு போட்டாயிற்று, இனிப் பக்கத்தில் நிற்கலாம்.

உண்மை: வடத்தின் நடுவில் கனமான சாக்கோ கம்பளியோ போடுவது நல்லதே. அது அடியின் வேகத்தைத் தணிக்கும், தடுத்து நிறுத்தாது. வெளியே விட்ட வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்பதே பாதுகாப்பு. விறைத்த வடத்தைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். தோல் கையுறை இல்லாமல் இரும்பு வடத்தைத் தொடாதீர்கள்.

தோட்டத்தில் வண்டி சிக்கினால் சிறுவர் முதல் பெரியவர் வரை கூடிவிடுவது வழக்கம். அவர்களுக்குத் தூரத்தை மீட்டரில் சொல்ல வேண்டாம். செம்பனைகள் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. 20 மீட்டர் வடம் வெளியே இருந்தால் 30 மீட்டர், அதாவது நான்கு மரம், விலக வேண்டும். வின்ச்சை இயக்க ஒருவர், கைகாட்ட ஒருவர் போதும்; அவர்களும் வடத்தின் நேர்க்கோட்டில் நிற்கக்கூடாது. மற்ற எல்லாரும் நான்கு மரம் தள்ளிப் போன பிறகே பொத்தானை அழுத்துங்கள்.