மணத்துக்காக ஒரு கொடி

ஒரே பருவத்தில் முளைத்து, மலர்ந்து, விதை தந்து வாழ்வை முடிக்கும் பூஞ்செடிகள் பல உண்டு. அவற்றுள் மணத்துக்காகவே வளர்க்கத் தக்கது ஸ்வீட் பீ என்னும் கொடி. பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்த இதனைத் தில்லி, லக்னோ போன்ற வட இந்தியச் சமவெளி நகரங்களில் அக்டோபரில் விதைப்பர். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வீட்டு முற்றம் மணக்கும். ஏப்ரல் வெயில் வந்ததும் கொடி காய்ந்துவிடும்.

சிசிலித் தீவில் வாழ்ந்த குப்பானி என்னும் கிறிஸ்தவத் துறவி 1699-இல் இதன் விதைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அந்தப் பழைய வகையின் பூ சிறியது, மணமோ மிகுதி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹென்றி எக்ஃபோர்டு பெரிய பூக்கள் தரும் வகைகளை உருவாக்கினார். அதன்பின் வந்தவற்றுள் சிலவற்றில் இதழ் பெருகியது, மணம் குறைந்தது. (கண்ணுக்கு விருந்தானது மூக்குக்கும் விருந்தாக வேண்டும் என்பதில்லையே!) ஆகவே விதை வாங்குவோர் உறையிலுள்ள படத்தில் மயங்காமல், மணமுள்ள வகைதானா என்று கேட்டு வாங்குதல் நலம்.

விதையின் தோல் கடினமானது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நன்கு மக்கிய சாணஎரு கலந்த மண்ணில் ஊன்ற வேண்டும். தொட்டியாயின் ஓரடி ஆழமாவது தேவை. வெயில் படும் இடமாகவும் நீர் தேங்காததாகவும் இருத்தல் அவசியம். நாற்று நான்கு விரல் உயரம் வந்தபின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விடும். பற்றிப் படர ஆளுயரத்துக்கு மூங்கில் குச்சியோ வலையோ கட்டுக. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உணவாக்குவதால், யூரியா இடத் தேவையில்லை. இட்டால் இலைதான் செழிக்கும்.

பூத்ததைப் பறிக்கத் தயங்குவோர் பலர். அழகைக் கொடியிலேயே விட்டுவைப்பதாக எண்ணுவர். உண்மையில் பூ காயானவுடன் கொடி தன் ஆற்றலையெல்லாம் விதையில் செலுத்தி, மொட்டு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். நாள்தோறும் பறித்தாலோ மீண்டும் மீண்டும் பூக்கும். பூசைக்கும், நோயுற்றிருப்போர் அறைக்கும் தாராளமாகப் பறிக்கலாம்.

பருவ இறுதியில் சில காய்களை மட்டும் முற்ற விட்டு, அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கலாம். அவ்விதை நச்சுத்தன்மை உடையது. உண்ணும் பட்டாணி என்று குழந்தைகள் வாயிலிடாதபடி, பெயர் எழுதிய புட்டியில் அடைத்து, சமையலறைக்கு வெளியே உயரத்தில் வைக்க வேண்டும்.