செய்மதித் தொடர்பில் மீடிறன் சிக்கனம்

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி வாவியின் இருகரைகளையும் அலைக்கழித்தமையை மூத்த பழைய மாணவர் மறந்திரார். கம்பங்கள் சாய்ந்து கம்பிகள் அறும் வேளையிலே ஊரை உலகத்தோடு இணைக்க வல்லது செய்மதி. ஆயின் எல்லோரும் ஒருங்கே பேச முயன்றால் இடம் போதுமா? இவ்வினாவையே நாம் ஈண்டு ஆராய்வோம்.

பின்னர் 1956இல் இலங்கையிற் குடியேறிய ஆதர் சி. கிளாக், ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் புவியோடு ஒத்துச் சுழலும் மூன்று நிலையங்கள் உலகுக்குப் போதுமென 1945லேயே எழுதினார். நிலையங்களைப் பெருக்கலாம், மீடிறன்களோ அளவுடையன.

2013இற் புதிய பாலம் திறக்கப்படும்வரை நாம் கடந்த ஒடுங்கிய கல்லடிப் பாலத்தை நினைக. அகலத்தை மாற்ற இயலாதவிடத்து, வண்டிகளின் இடைவெளியைக் குறைக்கலாம். வண்டிதோறும் சுமையைக் கூட்டலாம். செய்மதியிலும் அவ்வாறே. 36 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள பட்டையிலே, குறியீட்டு வீதத்தின் 35 சதவீதத்தை ஓரவெளியாக விட்டால் செக்கனுக்கு 2.67 கோடிக் குறியீடுகள் செல்லும். 20 சதவீதமாயின் 3 கோடி. அலையின் அவத்தையை நான்கு நிலைகளில் மாற்றினாற் குறியீடொன்று 2 பிட்டுகளைச் சுமக்கும். வீச்சத்தையும் சேர்த்துப் பதினாறு நிலைகள் அமைப்பின் 4 பிட்டுகள். ஆகவே அதே பட்டையில் 6 கோடிக்குப் பதிலாக 12 கோடி பிட்டுகள் செல்லும். வழுத்திருத்தத்துக்கு ஒரு பகுதி கழியும்.

ஆனால் நிலைகள் நெருங்க நெருங்க, இரைச்சல் ஒன்றை மற்றொன்றாக மயங்கச் செய்யும். இதற்கோர் எல்லையை 1948இல் குளோட் ஷனன் நிறுவினார். சைகை வலிதாயிருக்கும்போது அதன் வலுவை இருமடங்காக்கினும் ஹேர்ட்ஸ் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு பிட்டே கூடும். செலவாளிக்கு இது கசப்பான கணக்கு!

எமது மாரி மழையோ 10 கிகாஹேர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளை வெகுவாக நலிவிக்கும். முன்னர், கடுமழைக்கு ஏற்ற குறைந்த வேகத்தையே ஆண்டு முழுவதும் கடைப்பிடித்தனர். வெயில் நாளின் வசதியெல்லாம் வீணாயிற்று. இப்போது வாங்கும் நிலையம் சைகையின் தரத்தை ஓயாது அறிவிக்க, அனுப்பும் நிலையம் மழையில் நான்கு நிலைகளுக்கு இறங்கித் தெளிவானில் பதினாறுக்கோ முப்பத்திரண்டுக்கோ ஏறும். எம் கருத்தில் இதுவே யாவற்றிலும் நுண்ணிய உபாயம்.

இன்னுமொன்றுண்டு. காரைதீவுக் கோயிற் பறை வந்தாறுமூலையிற் கேளாது. ஆதலால் இரண்டும் ஒரே வேளையில் முழங்கலாம். 2018 டிசம்பர் 5இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஜிசாற்-11, 32 கற்றைகளாற் பயனாளரைத் தொட்டு, ஒரே மீடிறனைத் தொலைவிலுள்ள கற்றைகளில் மீண்டும் வழங்குகின்றது. அயற்கற்றைகள் ஒன்றினுள் ஒன்று கசியுமாதலால், அவற்றுக்கு வேறு மீடிறனோ வேறு முனைவாக்கமோ வேண்டும். பட்டையை நான்கு கூறாகப் பங்கிட்டாலும், 32 கற்றைகளில் ஒவ்வொரு கூறும் எட்டு முறை பயன்படும்.